அவன் வீடு வந்து சேர்ந்தானா

ஜூலை 6, 2025, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. மத்தியானம் லில்லி என்னையும் என் பெண்டாட்டி கலையரசியையும் சினிமாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நெஞ்சு ஆப்பரேஷனுக்குத் தேதி கொடுத்ததிலிருந்து அப்பா பேசுவதே இல்லை, கொஞ்சம் மனசு மாறட்டும் என்று பெற்ற பெண் நினைத்தாள். பாவம், என்ன படம் என்று விசாரிக்காமல் விட்டுவிட்டாள்.

கதாநாயகன் ஸ்கூல் பஸ் டிரைவர். பாதிப் படத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறான். எனக்குச் சொன்ன அதே ஆப்பரேஷன். கடைசியில் உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். திரை முழுக்க வெள்ளை. அடுத்த காட்சியில் அவன் சைக்கிளில் தன் தெருவுக்கு வருகிறான். யாருக்கும் பேச்சு இல்லை, பாட்டு வாத்தியம் மட்டும். பெண்டாட்டி வாசலில் நின்று சிரிக்கிறாள். அவ்வளவுதான், முடிந்தது.

கனவு. மயக்க மருந்தில் கண்ட கனவு. ஆள் உள்ளேயே செத்துவிட்டான்.

பஸ்ஸில் வரும்போது சொன்னேன். லில்லி கோபித்துக்கொண்டாள்.

“அவன் வூட்டுக்கு வந்துட்டான்பா. நீ பாத்துக்கினுதான இருந்த?”

“அப்ப ஏன் ஒருத்தரும் பேசல?”

“அது ஸ்டைலுபா.”

ஸ்டைலாம். இந்த ஊரில் முப்பது வருஷம் தியேட்டர் கதவில் நின்றவன் நான். கடைசிக் காட்சி ஓடும்போது உள்ளே வந்து கதவைத் திறந்துவிடுவது என் வேலை. ஆரம்பம் தெரியாத படங்கள் எத்தனையோ உண்டு. முடிவு தெரியாத படம் ஒன்று கிடையாது.

கலையரசி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். 

ஜூலை 7

இந்தப் போனில் பேசினால் எழுத்தாக விழுகிறது. லில்லி போட்டுக்கொடுத்தாள். விழுந்ததைப் படிக்க எனக்குத் தெரியாது. தான் படிக்க மாட்டேன் என்று அவள் சத்தியம் செய்திருக்கிறாள். புத்தகத் தமிழில் பேசினால் பிசகு இல்லாமல் விழுமாம். அந்தத் தமிழ் எனக்கு வரும், தியேட்டரில் கேட்டுக் கேட்டு.

வீட்டில் சொல்ல முடியாததை இதில் சொல்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலை 9

குளிக்கும்போதும் அதே சைக்கிள்தான் வருகிறது.

ஜூலை 11

ஆப்பரேஷனுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாத்திரையில் எத்தனை நாள் ஓடுமோ ஓடட்டும்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: மூன்று குழாயில் அடைப்பு, மாத்திரை தாங்காது, செய்துகொண்டால் நல்லபடியாக இருப்பீர்கள் என்று. அவர் சொன்னது ஒரு காதில் இருக்கிறது. அந்த வெள்ளைத் திரை இன்னொரு காதில், கண்ணில், எல்லாவற்றிலும் இருக்கிறது. நான் என்ன செய்ய?

கலையரசி சட்டியை ‘டங்’கென்று வைத்தாள். “சினிமால ஒருத்தன் செத்துட்டான்னு நீ ஆப்பரேசன் வாணாங்கிறியே, உனக்கு இன்னா புத்தியா?”

“பாத்தியா, செத்துட்டான்னு நீயே சொல்ற!”

“நீ சொல்றத சொன்னேன்யா. நான் எங்க சொன்னேன்?”

சொன்னாள். என் காது நன்றாகத்தான் கேட்கிறது.

ஜூலை 13

ஜான்சன் வந்தான், கலையரசியின் தம்பி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அக்கா அனுப்பித்தான் வந்திருக்கிறான் என்று முகத்திலேயே தெரிந்தது.

“மாமா, அந்தப் படம் ரெண்டாம் பாகம் எடுக்கறாங்களாம். ஹீரோ செத்துட்டா ரெண்டாம் பாகம் எப்டி வரும், சொல்லு?”

“அவன் தம்பிய வச்சு எடுப்பான்.”

“அவனுக்குத் தம்பியே இல்ல மாமா.”

“ரெண்டாம் பாகத்துல வருவான்.”

தலையைச் சொறிந்துகொண்டு போனான். ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அவன் ஜெயித்திருக்கக் கூடாதா?

ஜூலை 15

பிள்ளையார்பாளையம் போனேன், பரமசிவத்தைப் பார்க்க. அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் பார்க்கிறவன். பட்டுத் தறியை விட்டு இறங்கி வேட்டியில் நூல் ஒட்டியபடியே ஓடி வருவான். சினிமாவில் நான் மதிக்கிற ஒரே ஆள்.

தறியை நிறுத்தாமலேயே பேசினான். “படமா? பாத்தேனே.”

“இன்னா சொல்ற? கனவா, நெசமா?”

“நெசந்தான். கடைசீல அவன் சட்டைக் காலர் கிட்ட பாத்தியா? மேல் பித்தான் போடல. தையல் போட்ட தழும்பு ஒரு விரல் அளவுக்குத் தெரிஞ்சுது. செத்தவனுக்கு இன்னாத்துக்குபா தழும்பு?”

நான் பார்க்கவில்லையே. கண்ணில் நீர் நின்றது, அதனால் தவறவிட்டேன் போலிருக்கிறது.

“நல்லா பாத்தியா?”

“தனசேகரா, ஒரு இழை அந்தாண்ட போனாக்கூட கண்டுபுடிக்கிற கண்ணு இது. தழும்பு தெரியாதா?”

பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தேன். தழும்பு. ஆமாம், கனவில் மனிதன் முழுசாகத்தானே வருவான்? வெட்டுப்பட்ட உடம்போடு எவன் கனவு காண்பான்?

ஏனாத்தூரில் இறங்கி வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். “போலாம்.” எங்கே என்று கலையரசி கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 22

சென்னை. கட்டைவிரலில் மை வைத்துச் சம்மதத் தாளில் அழுத்தினேன். நாளைக் காலை முதல் ஆள் நான்தான். போனை லில்லியிடம் கொடுக்கச் சொல்கிறார்கள். இதற்குமேல் பேசக் கூடாதாம்.

கண் முழிக்காமலே போய்விட்டால்— சரி, வுடு.

ஜூலை 27

இருக்கிறேன்.

நேற்றுதான் வார்டுக்கு மாற்றினார்கள். இப்போது மூச்சு வாங்காமல் நாலு வார்த்தை பேச முடிகிறது, அதனால் பேசிவிடுகிறேன்.

முழிப்பு வந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. சத்தம் இல்லை. செத்தோம்டா என்று நினைத்தேன். இப்போது தெரு வரும், சைக்கிள் வரும், கலையரசி வாசலில் நிற்பாள் என்று காத்துக்கொண்டு கிடந்தேன். தெரு வரவில்லை. தாகம்தான் வந்தது. நாக்கு செருப்புத்தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது. ஒரு நர்ஸ் பெண் வந்து பஞ்சை நனைத்து உதட்டில் தடவினாள்.

“தாத்தா, பேரு சொல்லுங்க.”

“தண்ணி.”

“தண்ணி உங்க பேரா?” என்று சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள், வயிற்றில் குழாயோடு, “சிஸ்டர், டீ கெடைக்குமா?” என்றான். அப்போதுதான் நம்பினேன். கனவு காண்கிறவன் பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு டீக்குடியனைப் படுக்க வைக்க மாட்டான்.

ஆகஸ்ட் 4

வீட்டுக்கு வந்தாயிற்று, சென்னையிலிருந்து ரயிலில், ஸ்டேஷனிலிருந்து ஜான்சன் ஆட்டோவில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கலையரசி அவனை ஒரு திட்டுத் திட்டினாள். மாட்டு வண்டியைவிட மெதுவாக உருட்டினான்.

உப்பு இல்லாத கஞ்சி. வாய்க்குக் கசக்கிறது. ஆனாலும் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பரமசிவம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தான். சட்டையைத் திறந்து என் தழும்பைக் காட்டினேன்.

“இப்டித்தான் தெரிஞ்சுதா அவனுக்கு?”

“இதே மாதிரிதான்பா. பைக்க நிறுத்திட்டு குனியறப்ப—”

“எந்தப் பைக்கு?”

“அதான், வூட்டுக்கு வரான்ல…”

“அவன் சைக்கிள்ல வந்தான்யா.”

பரமசிவம் சாத்துக்குடியை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தான். ஒரு பழம் முழுசாக உரித்தான்.

“நீ படம் பாத்தியா, இல்லியா?”

“எனக்கு எங்கபா நேரம்? தறியில முகூர்த்தச் சேலை. உன் சம்சாரம் வந்துச்சு. நல்ல வெயில்ல, மூஞ்செல்லாம் வேர்த்துக்கினு. ‘அண்ணே, நீ சொன்னா கேப்பாரு, நெசம்னு ஒரு வார்த்த சொல்லு’ன்னு அழுவுது. சும்மா நெசம்னா நீ வுடுவியா? அதான் ஒரு தழும்பப் போட்டு வச்சேன்.”

“அவ இன்னா சொன்னா? அவளுக்கு அது நெசமா, கனவா?”

“செத்துட்டான்னுதான் தங்கச்சியும் சொல்லிச்சு,” என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். சிரிப்பு வந்தது. தையல் பிரிந்துவிடப் போகிறது என்று தலையணையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சிரித்தேன். அவனும் சிரித்தான். கலையரசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னா சிரிப்பு கெழவனுங்களுக்கு?”

“பழைய படக் கதை,” என்றேன்.

அவளிடம் கேட்கப் போவதில்லை. செத்துவிட்டான் என்று அவளும்தான் நம்பியிருக்கிறாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது அதற்குத்தான். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் எனக்குச் சோறு போட்டாளோ.

செப்டம்பர் 12

பஸ் ஸ்டாண்டு வரை தனியாக நடந்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி

டீவியில் அந்தப் படம் போட்டார்கள். லில்லி போனில் கூப்பிட்டு, “அத வெக்காதீங்கபா” என்றாள். நான் வைத்தேன்.

பஸ் டிரைவராக வருகிற பையன் நன்றாக நடித்திருக்கிறான். சிரிக்க வைக்கிற இடம் நிறைய இருக்கிறது, அன்றைக்கு ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. கலையரசி வடை தட்டிக்கொண்டே பார்த்தாள். கடைசியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரிமோட்டைத் தேடினாள். அது என் தொடைக்கு அடியில் இருந்தது.

“வேற இன்னாமோ பாட்டு நிகழ்ச்சி இருக்குதுயா, மாத்து.”

“இருக்கட்டும்.”

திரை வெள்ளையானது. சைக்கிள் வந்தது. அவள் மாவுக் கையைத் துடைக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

“வூட்டுக்கு வந்துட்டான் பாரு,” என்றேன்.

டீவியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

“நான்தான் அப்பவே சொன்னேன்ல,” என்றாள்.

“ஆமா. நீ சொன்ன.”

வடை கேட்டேன். கொழுப்பு ஆகாது என்று பாதி பிட்டுக் கொடுத்தாள். மீதியை அவள் தின்றாள்.