கும்பா கறந்த பால்

2025 ஜூலை 4, வெள்ளி

யதுர்சன் பொறியியலாளராகி இரண்டு வருடம். இப்போது அவனுக்குக் கீழே ஆறு பேர். சுஜீதன் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. தர்ஷனா மிருக வைத்தியத்துக்கு நாலாம் வருடம். மூன்றும் என் மகன் சிறிதரனின் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் கையால் இதை எழுதி வைக்கிறேன்.

கோயிலில் சந்திரவதனா கேட்டாள், "மாட்டு டொக்டருக்குப் படிக்கவோ அக்கா ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

"மனிசருக்கு நோவைச் சொல்ல வாய் இருக்கு. மாட்டுக்கு நாங்கள்தான் கண்டுபிடிக்கோணும்" என்றேன்.

நாளை தர்ஷனா செனகலுக்குப் போகிறாள். ஆபிரிக்கா. வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரு பேராசிரியரும். ஃபுலானி என்ற மாடு மேய்க்கிற சனத்தின் ஊரில் தங்கி, மாடுகளுக்கு இரத்தம் எடுத்து நோய் பார்ப்பார்களாம். எல்லாருக்கும் பெருமையாகத்தான் சொன்னேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளுடைய பெட்டியையே திறந்து திறந்து பார்க்கிறேன்.

ஜூலை 5

விமான நிலையத்தில் அவளுடைய கையை எடுத்து என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். அங்கே எந்த வீட்டிலும் தண்ணீரோ பாலோ வாயில் வைக்கக் கூடாது. போத்தல் தண்ணீர் மட்டும்.

மருமகள் ராதாவுக்குப் பிடிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. "மாமி, பிள்ளையிட்டைச் சத்தியம் எல்லாம் வாங்காதேங்கோ. அவளுக்குத் தெரியும்தானே."

தெரியும். என் மகள் சிவாஜினிக்கும் ஒன்பது வயதில் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊரில் சண்டை வந்து இடம்பெயர்ந்து நடக்கும்போது வழியில் ஒரு கிணற்றில் அள்ளிக் குடித்தாள். குடி என்று சொன்னதே நான்தான். ஆறு நாள் காய்ச்சல் –

ராதாவுக்கு இதை நான் இன்னும் சொன்னதில்லை.

ஜூலை 9

தர்ஷனாவிடமிருந்து ஒரு போன் கோல் இல்லை.

ஜூலை 11

அங்கே டவர் இல்லை என்கிறான் சிறிதரன். மூன்று நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் எடுக்க ஜீப் பட்டணத்துக்குப் போகுமாம். அப்போதுதான் பேசலாமாம். இன்று புட்டு மாவுக்கு உப்புப் போட மறந்துபோனேன். ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள். அதுவே பயமாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எதையாவது மறைக்கிறார்களோ?

ஜூலை 13, ஞாயிறு

மேய்ஸ் ஹில் முருகன் கோயில். தர்ஷனா எப்படி என்று சந்திரவதனா கேட்டாள். தினமும் கதைக்கிறாள் என்றேன். முருகனுக்கு முன்னால் நின்று சொன்ன பொய்.

ஜூலை 14

காலையில் கோல் வந்தது. பிள்ளை அழுகிறாள்.

அவர்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரி கும்பா என்ற கிழவி. வந்த முதல் நாளே தன் கையால் மாடு கறந்து, சுரைக்குடுவையில் ஊற்றி, ஒவ்வொருவருக்கும் நீட்டியிருக்கிறாள். உதட்டை நனைத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று பேராசிரியர் முதலே சொல்லித்தான் இருந்தாராம். ஏழு பேரும் அப்படியே செய்தார்கள். எங்கள் பிள்ளை கையால் தள்ளிவிட்டாள்.

கும்பா குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள்தான். மறுநாளிலிருந்து மாடுகள் தூரத்துக்கு மேயப் போய்விட்டன என்கிறார்களாம். இவர்கள் ஊசிகளை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். என் மாட்டின் பால் கூடாது என்கிறவள் என் மாட்டைத் தொட வேண்டாம் – கும்பா அப்படிச் சொன்னதாக மொழிபெயர்க்கிற பெடியன் சொன்னானாம். அடுத்த கிழமை திரும்ப வேண்டும். வந்த வேலை நடக்கவில்லை, எல்லாரும் என்னைத்தான் பார்க்கினம் என்று அழுகிறாள்.

"ஒரு சொட்டு எண்டாலும் வாயில வைச்சிருக்கலாமே பிள்ளை" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது.

"நீங்கள்தானே அப்பம்மா சத்தியம் வாங்கினீங்கள். குடிச்சா உங்களுக்கு ஏதும் ஆகிடும் எண்டு எனக்குப் பயம்."

அதோடு கோல் அறுந்தது.

ஜூலை 15

கும்பாவின் இடத்தில் நான் இருந்தால்? நான் கொடுத்ததைத் தள்ளியவளை வாசற்படி மிதிக்க விடுவேனா?

ராதாவிடம் சிவாஜினியைப் பற்றிச் சொன்னேன். அவள் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "காய்ச்சினால் பயமில்லை மாமி" என்றாள். காய்ச்சினால். வென்ட்வேர்த்வில்லில் இந்த வீட்டுக்கு வந்த அன்று, ஒரு சாமான் இறக்குவதற்கு முன்னால் நாங்கள் செய்தது என்ன? பால் காய்ச்சினோம்.

வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். "பிள்ளை, சத்தியத்தை நான் திருப்பி எடுத்திட்டன். கும்பாவிட்டைப் போய் மன்னிப்புக் கேள். எங்கட சனம் ஒரு வீட்டுக்குப் புதுசா வந்தால் முதல் அந்த வீட்டில பால் காய்ச்சுறது எண்டு சொல்லு. அடுப்பை அவவே மூட்டட்டும். பொங்கி வழிஞ்ச பிறகு நீயும் குடி, அவவுக்கும் குடு."

பின்னேரம் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். முருகா, சத்தியம் என்னுடையது. கணக்குத் தீர்க்க வேண்டுமென்றால் என்னோடு தீர்.

ஜூலை 16

வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு டிக். அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஜூலை 17, வியாழன்

ஆடிப்பிறப்பு. கூழ் காய்ச்சினேன், கொழுக்கட்டை அவித்தேன். ஒரு டிக்தான். நான் சொன்னது சரிதானா? பாலை நெருப்பில் வைப்பது அவர்களுக்கு ஆகாத காரியமாக இருந்தால்? மறுபடியும் என் வாயாலேயே ஒரு பிள்ளையை –

வேண்டாம். எழுதக் கூடாது.

ஜூலை 18

இரண்டு டிக். நீலம். கேட்டுவிட்டாள். பதில் இல்லை.

ஜூலை 21, திங்கள்

குரல் வந்தது. நாலு தரம் கேட்டேன்.

முதலில் கும்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். நல்ல பாலை ஏன் சுட வேண்டும் என்று கேட்டாளாம். பிறகு தானே அடுப்பை மூட்டியிருக்கிறாள். பால் பொங்கி மேலே வந்ததும் தர்ஷனா, நான் சொன்னபடியே, வழியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கும்பா ஓடிவந்து வெறுங்கையால் சட்டியை இறக்கிவிட்டாளாம். பாலை மண்ணுக்குக் கொடுக்கிற உன் பாட்டிக்குப் பைத்தியமா என்று கேட்டாளாம். ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தச் சிரிப்போடு இருவரும் ஒரே குடுவையில் குடித்தார்கள்.

அடுத்த நாள் காலையில் மாடுகள் பட்டியில் நின்றன. வேலை முடியும்வரை இன்னும் ஒரு கிழமை இருக்கப் போகிறார்கள். காய்ச்சல் இல்லை என்கிறாள். ஆறு நாள் போகட்டும், அதன் பிறகு நம்புகிறேன்.

ஒரு படமும் அனுப்பியிருக்கிறாள். மேலுதட்டில் பால் ஒட்டியபடி அவள் சிரிக்கிறாள். பக்கத்தில் சட்டியும் ஒரு கையும் மட்டும் தெரிகின்றன. உள்ளங்கையில் சுட்ட காயம்.

பதில் பேசி அனுப்பினேன். "உன்ர முகம் எனக்குத் தெரியும் பிள்ளை. அவவின்ர முகம் தெரியிற மாதிரிப் புதுசா ஒரு படம் எடுத்துப் போடு."