ராமுத்தாயின் அடி ஏன் பிந்துகிறது

ஜனவரி 9

சென்னையிலிருந்து மெயில் வந்துவிட்டது! மார்ச் ஏழாம் தேதி, இனி வரப்போகும் ஃபைட்டிங் கேம்களுக்கென்று ஒரு கண்காட்சி. எங்கள் 'மந்தை'க்கும் ஒரு மேசை. நானும் சுகன்யாவும் ரஃபீக்கும் இரண்டு வருஷமாக இந்த மரியநாதபுரம் வீட்டு ஹாலில் உட்கார்ந்து செய்த கேம், முதல் தடவையாக முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகப்போகிறது. கேம்களை வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்தும் ஆள் வருகிறார்களாம். பிடித்ததை எடுத்துக்கொள்வார்களாம்.

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அடிச்சுக்கிறதப் போயி கண்காட்சியில வைக்கிறாகளா? நல்லாருக்கு போ" என்றாள்.

சுகன்யா துள்ளவில்லை. ஹைதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனி அவளை அனிமேஷன் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. "சென்னை முடியட்டும் பிரிசி. அப்பறம் அவகளுக்குப் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். அதாவது மந்தை தேறினால் இருப்பாள். தேறாவிட்டால் போய்விடுவாள். அவள் இல்லாமல் எனக்கு மந்தை ஏது? நான் புரோகிராம் எழுதுவேன், ரஃபீக் சத்தம் வைப்பான். அந்த ஆறு சண்டைக்காரர்களுக்கும் உடம்பு கொடுத்தது அவள்.

ஜனவரி 18

பொங்கல் பலகாரம் தின்றுகொண்டே, இந்த வருஷம் வரப்போகிற ஃபைட்டிங் கேம்களின் டிரெய்லர்களை மூன்று பேரும் வரிசையாகப் பார்த்தோம். எனக்கு வயிற்றெரிச்சல். பொறாமையும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஒன்றில், ஒரு குத்து விட்டால் திரை முழுக்கத் தீ. யார் அடித்தார், யார் வாங்கினார் என்றே தெரியவில்லை. இன்னொன்றில் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் போதும், அதுவே பத்து அடி போட்டுவிடுகிறது. அப்புறம் நான் எதற்கு, டீ குடிக்கவா?

"புதுசா வாரவனுக்கும் விளையாட வரணும்ல?" என்றான் ரஃபீக். நியாயம்தான். ஆனால் கற்றுக்கொள்ளச் சுலபமாக இருப்பது வேறு, ஜெயிப்பைச் சும்மா தூக்கிக் கொடுப்பது வேறு. தோற்றவனுக்கு எங்கே தோற்றோம் என்று தெரிய வேண்டும். குனிய வேண்டிய இடத்தில் குதித்துத் தொலைத்தேன் என்று அவனுக்கே உறைக்க வேண்டும். கேம் ஏமாற்றிவிட்டது என்று ஒருவன் நினைத்துவிட்டால் திரும்ப வரமாட்டான்.

சுகன்யா வேறு மாதிரி சொன்னாள். "ரெண்டு பேருக்குமே எதிராளி மேல பயம் இருக்கணும்." அதனால்தான் எங்கள் பூக்கட்டும் ராமுத்தாய் வாழைநார்ச் சாட்டையோடு தூரத்தில் நிற்கிறாள். மெதுவான அடி, ஆனால் நீளம். கருப்பணன் குட்டைக் கம்போடு பாய்கிறவன். அவன் நெருங்கிவிட்டால் ராமுத்தாய் காலி. நெருங்க விடாவிட்டால் அவன் காலி.

காகிதத்தில் சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 29

ரஃபீக் பேகம்பூரில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்கள் மூன்று பேரை இன்று கூட்டிவந்தான். மூவரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே புகார். "அக்கா, அடி வாரது தெரியுது, ஆனா தடுக்க முடியல."

ஆக இந்த மாதத்தில் மூன்றாவது முறையாகத் தடுப்பதற்கான நேரத்தை அகலமாக்கினேன். ராமுத்தாய் சாட்டையை ஓங்கும் நேரத்தையும் இன்னும் இழுத்துவிட்டேன். பையன்களுக்குப் பிடித்துவிட்டது. சுகன்யாவுக்குப் பிடிக்கவில்லை.

"இது சரியில்ல பிரிசி. அடியில தப்பில்ல. படந்தான் நம்ம கைக்குப் பிந்தி வருது."

"எப்படிச் சொல்ற?"

"கைக்குத் தெரியுது."

கைக்குத் தெரிகிறதாம்! லேப்டாப்பில் பார்த்தேன், சரியாகத்தான் அசைகிறது. ஆனால் லேப்டாப்பில் நாங்கள் யாரும் சண்டை போடுவதில்லை. அசைவுகளை ஒவ்வொரு படமாக நிறுத்திச் சரிபார்ப்பதோடு சரி. இரண்டு பேர் தோளோடு தோள் உட்கார்ந்து அடித்துக்கொள்ள அந்தத் திரை போதாது. அதற்கு ஹால் டிவிதான்.

பிப்ரவரி 6

சண்டை. கேமில் இல்லை.

சுகன்யா மறுபடியும் ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் பழையபடி வை, படம் பிந்துகிறது, படம் பிந்துகிறது என்று. கண்காட்சிக்கு ஒரு மாசம்தான் கிடக்கு. எனக்குத் தலை கொதிச்சுப் போச்சு.

"படம் ஒண்ணும் பிந்தல. ஒன் கைதான் மெதுவாயிருச்சு. மனசு ஹைதராபாத்துல இருந்தா கை இங்க எப்படி ஓடும்?"

சொல்லிட்டேன். ரஃபீக் முன்னாடியே சொல்லிட்டேன்.

அவள் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கண்ட்ரோலர் வயரைச் சுற்றினாள், மேசை மேல் வைத்தாள். "சரி. நீயே பாத்துக்க." தன் ஊர் சாணார்பட்டிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

போகட்டும். யாருக்கு என்ன?

பிப்ரவரி 7

போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 11

இன்றைக்கும் எடுக்கவில்லை. திண்டுக்கல்லில் பிறந்தும் என் வாய்க்கு ஒரு பூட்டு கிடைக்கவில்லை.

பிப்ரவரி 19

நேற்று சாம்பல் புதன், எனக்குத் தவக்காலம் ஆரம்பம். இன்று ரஃபீக்குக்கு முதல் நோன்பு. கறியில்லாத ஒருத்தியும் தண்ணீரில்லாத ஒருவனுமாக உட்கார்ந்தோம்.

கண்காட்சியில் வைக்கப்போவது எந்த மாதிரித் திரை என்று மெயில் அனுப்பியிருந்தார்கள். அதே மாதிரி ஒரு மானிட்டரை ரஃபீக் தன் மச்சானின் போட்டோ ஸ்டுடியோவிலிருந்து இரவல் வாங்கி வந்தான். போட்டோம். ஆடினோம். ஒரு அடிகூட விழவில்லை. நான் எதை ஓங்கினாலும் அவன் தடுக்கிறான், அவன் ஓங்கினால் நான் தடுக்கிறேன். ராமுத்தாய் சாட்டையைத் தூக்குவதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தடுக்கலாம். நேரம் முடிந்து சமன். அடுத்ததும் சமன். அதற்கடுத்ததும்.

என்ன நடக்கிறது?

ரஃபீக்தான் லேப்டாப்பை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சண்டையை ஓடவிட்டு, போனில் வீடியோ எடுத்தான். மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். லேப்டாப்பில் கருப்பணன் அடி வாங்கிச் சாய்ந்துவிட்டான். டிவியில் ராமுத்தாய் இன்னும் கையையே தூக்கவில்லை.

அம்மாவின் டிவி! ஞாயிறு திருப்பலியும் சீரியலும் வழுவழுவென்று தெரிய வேண்டுமென்று, வாங்கிய அன்றே கடைக்காரரிடம் சொல்லி ஏதோ ஒரு செட்டிங்கைப் போட்டு வாங்கியிருக்கிறாள். அது ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிவிட்டுத்தான் வெளியே விடுகிறது. யாரும் அதில் கை வைக்கக் கூடாது. ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் ரப்பர் பேண்ட். "டிவியில ஒண்ணயும் நோண்டாதீக" என்று அவள் சொன்னாள், நாங்களும் நல்ல பிள்ளைகளாக இரண்டு வருஷம் நோண்டாமலே இருந்துவிட்டோம். பிந்தி வரும் படத்துக்கு ஏற்ற மாதிரி ஆறு பேரின் அடியையும் தடுப்பையும் இழுத்து இழுத்து வைத்திருக்கிறேன். உலகத்திலேயே எங்கள் ஹாலில் மட்டும் நன்றாக ஓடும் கேம்.

பேகம்பூர் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் நேரத்துக்கு ரஃபீக் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். "சுகன்யா சொன்னா" என்றான். அது போதும், நன்றாகவே குத்தியது.

பிப்ரவரி 20

சாணார்பட்டிக்குப் போனேன். கத்தரித் தோட்டத்தில் சாக்கில் காய் அள்ளிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மகேஸ்வரிதான் "வாம்மா, இம்புட்டு வெயில்ல வந்திருக்க, தண்ணி குடி" என்று கூப்பிட்டார்கள். சுகன்யா நிமிரவே இல்லை.

"நீ சொன்னதுதான் சரி. டிவிதான் லேட்டு" என்றேன்.

"எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே."

"நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சுகன்யா."

"மன்னிப்புக் கேக்க வந்தியா, வேலைக்கு ஆள் கூப்பிட வந்தியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டுக்குந்தான்."

செத்த நேரம் காய் அள்ளினாள். பிறகு சாக்கின் வாயைக் கட்டிவிட்டு நிமிர்ந்தாள். "ராமுத்தாய அரகொறயா ஊரு முன்னாடி நிப்பாட்ட முடியாது. அவளுக்காக வாரேன். சென்னை வரைக்குந்தான்."

மன்னித்தாளா என்று கேட்கவில்லை. கேட்டு இல்லையென்று சொல்லிவிட்டால்?

பிப்ரவரி 27

வருகிறாள், உட்காருகிறாள், வேலை பார்க்கிறாள், போகிறாள். "இது குறை." "இது கூட்டு." அவ்வளவுதான் பேச்சு. மதியம் தன் டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறாள். அம்மா குழம்பும் தொட்டுக்க வெஞ்சனமும் வைக்கப் போனால் "இருக்கட்டும்மா" என்கிறாள். அம்மா என்னை முறைக்கிறாள்.

கருப்பணன் சரியாகிவிட்டான். மற்ற நான்கு பேரும் ஏறக்குறைய. ராமுத்தாய்தான் அடம்பிடிக்கிறாள். அடியை வேகமாக்கினால் யாரும் அவளிடம் நெருங்க முடியவில்லை. மெதுவாக்கினால் சும்மா நிற்கிறாள்.

மார்ச் 4

ராமுத்தாய் இன்னும் சரியாகவில்லை. தூக்கமில்லை. ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சாட்டைதான் கண்ணில் ஆடுகிறது.

மார்ச் 5

சுகன்யா கண்டுபிடித்துவிட்டாள். அடியில் கை வைக்கவே இல்லை. அடி தப்பிப்போனால் சாட்டையைத் திரும்ப இழுக்க ராமுத்தாய்க்கு ஆகும் நேரத்தைக் கூட்டினாள். இப்போது அடித்தால் அடி, தப்பினால் அவள் பாடு அம்போ. ஒவ்வொரு முறை ஓங்கும்போதும் நெஞ்சு படபடக்கிறது.

எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

மார்ச் 8

வைகை எக்ஸ்பிரஸில் எழுதுகிறேன், கை குலுங்குகிறது. நேற்று நடந்ததை ஊர் போய்ச் சேர்வதற்குள் எழுதிவிட வேண்டும்.

காலையில் எங்கள் மேசைக்கு ஆளே இல்லை. பக்கத்து மேசையில் ரோபோ சண்டை, ஒரே கூட்டம். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மதியத்துக்கு மேல் ஒரு பெண் வந்து ராமுத்தாயை எடுத்தாள். அவளுடைய தோழன் கருப்பணன். மளமளவென்று தோற்றாள். கண்ட்ரோலரை வைத்துவிட்டுப் போய்விடுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன். அவளோ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "இரு இரு. நான் சும்மா சும்மா வீசுறேன்ல, அதான் உள்ள வந்துடுற" என்றாள். அடுத்த ரவுண்டில் வீசாமல் காத்திருந்தாள். அவன் பாய்ந்தான், ஒரே அடி. சுற்றி நின்றவர்கள் கத்திய கத்தலில் ரோபோ மேசைக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள்.

கேம் வெளியிடும் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தார். அவரும் உட்கார்ந்து ஆடினார், தோற்றார், சிரித்தார். "இந்த டைமிங்கை வச்சது யாரு?" என்று கேட்டார்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. ஆனால் நான், "இவ, சுகன்யா. எல்லாம் தப்பாப் போகுதுன்னு இவ முன்னாடியே சொன்னா. நாந்தான் கேக்காம, கண்டபடி பேசி வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றேன். முன்பின் தெரியாத பத்துப் பேர் முன்னால். முகமெல்லாம் எரிந்தது.

அந்த அம்மா சொன்னது இதுதான்: மந்தையை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் இவர் இருந்தால் மட்டும். இவர் இல்லாவிட்டால் வேண்டாம். ஏப்ரல் முடிவதற்குள் பதில் வேண்டும்.

சுகன்யா "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். இப்போது எதிர் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். ரஃபீக் என்னைப் பார்க்கிறான், நான் ரஃபீக்கைப் பார்க்கிறேன். விழுப்புரம் தாண்டியாயிற்று.

மார்ச் 21

ரஃபீக் வீட்டில் பெருநாள். நான் தவக்காலத்தில் கறி தொடமாட்டேன் என்று தெரிந்து, அவன் அம்மா ஜெய்தூன் பீவி எனக்கென்று தனியாகச் சேமியா எடுத்து வைத்திருந்தார்கள். சுகன்யா வரவில்லை. ரஃபீக்குக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு ஒன்றும் இல்லை. நானென்ன பெருநாள் கொண்டாடுகிறவளா? இருந்தாலும்.

ஏப்ரல் 2

ஹைதராபாத்தில் ஆறாம் தேதி, திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்களாம். அதையும் ரஃபீக்தான் சொன்னான். என்னிடம் சொல்ல அவளுக்கு மனமில்லை.

ஏப்ரல் 5

உயிர்ப்பு ஞாயிறு. பூசையில் எல்லோரும் அல்லேலூயா பாடினார்கள். நான் வாயை மட்டும் அசைத்தேன். இந்நேரம் பெட்டி கட்டியிருப்பாள்.

ஏப்ரல் 6

காலையில் கேட் சத்தம். பால்காரர் என்று நினைத்தேன்.

சுகன்யா. தோளில் வேலைக்குக் கொண்டுவரும் அதே பை. என் முகத்தைப் பார்க்கவில்லை. "தள்ளு" என்றாள், மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள், ராமுத்தாயை எடுத்தாள், இன்னொரு கண்ட்ரோலரை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் கருப்பணனை எடுத்தேன். அடி என்றால் அடி! நெருங்கினால் அடி, குதித்தால் அடி, ஒதுங்கினால் தேடி வந்து அடி. மதியம் வரைக்கும் ஒரு ரவுண்டுகூட எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தேன். எடுத்தால் அழுதுவிடுவேன்.

அம்மா அடுப்படியிலிருந்து சோறு போடவா என்று கேட்டாள். சுகன்யா கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, இவ்வளவு நேரத்தில் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"வெஞ்சனம் என்னடி?"