வயிற்றை அமுக்கினால் பேசும் வாத்து

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான் சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சௌக்கியம்தானே? போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். பெற்ற மகளிடம் பேச ஸ்டாம்பு ஒட்ட வேண்டிய அப்பன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான். ஆபீசில் எனக்காகக் கடிதம் எழுத மூன்று பேர் சம்பளம் வாங்குகிறார்கள். இதை மட்டும் என் கையாலேயே எழுதுகிறேன், பெருமைப்பட்டுக்கொள்.

நம் குக்கு வாத்துக்கு இருபத்தைந்து வயதாகிவிட்டது. முதல் புத்தகத்தை இஸ்திரி மேசையில் வைத்து எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? இப்போது ஏழாவது மாடி முழுக்க நம்முடையது. புத்தகம் ஒரு பக்கம், கார்ட்டூன் ஒரு பக்கம், நடுவில் சேனல். போன வாரம் விருது கொடுத்தார்கள். எல்லாம் என் மகள் போட்ட பிச்சை என்று மேடையிலேயே சொன்னேன். ஆறு வயதில் நீ "கு-கு-குடை" என்று திக்கியதில் பிறந்தவன்தானே குக்கு? கைதட்டல் அடங்கவே இல்லை.

பார்சலில் புதுப் பொம்மை வருகிறது. வயிற்றை அமுக்கினால் பேசும். கடைக்குப் போகும் முன் முதல் பொம்மை என் பேரனுக்குத்தான். அதற்குள்ளே அவனுக்கு ஒரு ஆச்சரியம் வைத்திருக்கிறேன். கேட்டதும் முகத்தை எப்படி வைத்துக்கொண்டான் என்று ஒன்று விடாமல் எழுது.

முத்தங்களுடன்,
அப்பா


ஏப்ரல் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பொம்மை வந்தது. அவன்தான் பிரித்தான். அமுக்கியதும் "கு-கு-குளத்துக்குப் போ-போகலாமா" என்றது. சிரித்தான். இன்னொரு தடவை அமுக்கினான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

அது அவன் குரல், அப்பா.

லீவில் "ஆபீசைச் சும்மா சுத்திப் பாக்கட்டும்மா" என்று கூட்டிக்கொண்டு போனீர்கள். தாத்தா கண்ணாடி ரூமில் உட்காரவைத்துப் பெரிய ஹெட்போன் மாட்டிவிட்டார் என்று அவன் வந்து குதித்தபோது நானும்தான் பூரித்துப்போனேன். பேச்சுப் பயிற்சி டீச்சரிடம் ஒரு வருஷமாகப் போய், மூச்சை விட்டு மெதுவாகப் பேசப் பழகியிருந்தான். நீங்கள் அங்கே அவனிடம் என்ன சொன்னீர்கள் என்று பொம்மை வந்த அன்றைக்குத்தான் அவனிடம் கேட்டு வாங்கினேன். "வேகமா சொல்லு ராஜா, இன்னும் வேகமா." வேகமாகச் சொன்னால்தான் திக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என்னை வைத்துத்தானே கற்றுக்கொண்டீர்கள்?

இப்போது பொம்மை கடைக்கும் வந்துவிட்டது. அவன் வகுப்பில் நாலைந்து பிள்ளைகளிடம் இருக்கிறது. அமுக்கிவிட்டு அவன் வாயைப் பார்க்கிறார்களாம். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. என்னிடம்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் கையைக் காட்டுகிறான். பயிற்சி டீச்சர் எனக்குத் தைரியம் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் போன் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். சாப்பிடும்போது நான் திக்கினால் போதும், அதைக் குறித்துக்கொள்ளக் காதில் செருகிய பென்சிலை எடுத்துவிடுவீர்கள். சோறு இறங்காது எனக்கு. இன்றைக்கும் உங்கள் குரலைக் கேட்டால் அந்தப் பென்சில்தான் கண்ணில் நிற்கிறது.

அது போகட்டும். அவன் குரலை அந்தப் பொம்மையிலிருந்து எடுத்துவிடுங்கள். வேறெதுவும் வேண்டாம். உங்களிடம் இதுவரை நான் எதுவும் கேட்டதில்லை.

உங்கள் மகள்


ஏப்ரல் 20

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னமாய் எழுதுகிறாய்! "அப்புறம் என்னைப் பார்த்தான்" என்ற இடத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டேன். அந்த வரியை நான் எடுத்துக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

குரல் விஷயம். நடிகர்களை வைத்து எத்தனையோ தடவை பார்த்தாயிற்று, திக்கச் சொன்னால் விக்கலெடுத்த மாதிரி இருக்கிறது. பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அசல் அசல்தானம்மா. பொம்மை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிட்டது, நான் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக் குழந்தைகள் கையிலிருந்து பிடுங்கட்டுமா? உன்னையும்தான் பள்ளிக்கூடத்தில் குக்கு என்று கூப்பிட்டார்கள். நீ என்ன கெட்டா போய்விட்டாய்? நல்ல வேலை, நல்ல புருஷன்.

ஆனால் அவன் பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கொஞ்சம் விரிவாக எழுது. தண்ணீர் வேண்டுமென்றால் என்ன செய்கிறான்? டம்ளரைத் தட்டுகிறானா, உன் கையைப் பிடித்து இழுக்கிறானா? கனவில் பேசுகிறானா? வாயடைத்துப்போன குக்கு! இத்தனை வருஷத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை பார். அடுத்த புத்தகத்தை நேற்றே ஆரம்பித்துவிட்டேன்.

ஆசையுடன்,
அப்பா


ஜூன் 2

அப்பாவுக்கு,

குட்டி பேசிவிட்டான்.

ஒரே ஒரு வார்த்தை. எங்கே வைத்துச் சொன்னான், எதைப் பார்த்துச் சொன்னான், திக்கினானா இல்லையா, ஒன்றையும் எழுத மாட்டேன். நானும் அவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம் என்பது மட்டும் போதும் உங்களுக்கு. டம்ளரைப் பற்றியும் எழுத மாட்டேன்.

என் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டீர்கள். அவன் குரலையும் எடுத்துக்கொண்டீர்கள். இந்த வார்த்தை மட்டும் உங்களுக்குக் கிடைக்காது. அது என்னவென்று தெரியாமலே நீங்கள் இருக்க வேண்டும். மண்டையைக் குடையும், குடையட்டும்.

இனி என்னிடமிருந்து கடிதம் வராது.


ஆகஸ்ட் 15

என் தங்கத்துக்கு,

பேசிவிட்டானா! அன்றைக்கே ஏழாவது மாடி முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன். என்ன வார்த்தை என்று கெஞ்சிக் கூத்தாடி இரண்டு கடிதம் போட்டும் நீ வாயைத் திறக்கவில்லை. பிடிவாதம் அப்படியே உன் அம்மாதான்.

நீ சொன்னது சரி, மண்டை குடைந்தது. புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும், கடைசிப் பக்கம் மட்டும் காலி. படம் போடுகிறவர் குக்குவின் அலகைத் திறந்து வரைந்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நாள்தான் காத்திருப்பது? நானே ஒரு வார்த்தை வைத்துவிட்டேன்.

"தாத்தா."

ஆபீசில் படித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதுவிட்டார்கள். சேனலில் பேட்டி எடுத்தபோது, என் பேரன் நிஜமாகவே சொன்ன வார்த்தை இது என்று சொல்லிவிட்டேன். இனி அவன் வளர்ந்து கேட்டாலும் ஊரே இதைத்தான் சொல்லும். உன் வார்த்தையை நீயே பத்திரமாக வைத்துக்கொள்ளம்மா.

முதல் பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். "பேரனுக்கு" என்று முன்பக்கத்தில் போட்டிருக்கிறேன். குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து, சத்தமாக வாசித்துக் காட்டு. வேகமாக வாசிக்காதே, உனக்குத் திக்கும்.

என்றும் உன்
அப்பா