பெடலுக்கு நடந்த பூசை

கோலா சிலாங்கூர்
14 டிசம்பர்

அன்பு மகன் பவனேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், பெர்த்தில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடுவாய், அதனால்தான் காகிதம்.

கார் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். இடுப்பு ஆபரேஷன் முடிந்து சபாக் ஊரில் படுத்திருக்கும் உன் சின்னம்மா குமுதாவுக்கு ஞாயிறுதோறும் சாப்பாடு கொண்டுபோவேன் அல்லவா, அக்டோபரில் ஒருநாள் செம்பனைக் குலை ஏற்றிய லோரியை முந்த அழுத்தி மிதித்தேன், கார் நடுரோட்டில் சோர்ந்துபோய் மஞ்சள் விளக்கைக் காட்டியது, எதிரே பஸ், எப்படியோ ஒதுங்கி ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்தேன். மறுநாள் அப்பா நம் தாமான் வீட்டு வரிசைகளை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, "காடி நல்லாத்தான் இருக்கு, ஒனக்குத்தான் மிதிக்கத் தெரியல" என்று தீர்ப்புச் சொன்னார். அவர் ஓட்டும் வேகத்துக்குக் கோழிகூட முந்திப் போகும். இருந்தாலும் திருஷ்டிக்கு நாலு எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நீ இன்ஜினியர் ஆயிற்றே, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்பாய் என்று பார்த்தேன். நீயோ போனில், "அம்மாவ ஓட்ட விடாதீங்கப்பா, காடிய வித்துருங்க" என்றாய். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்பா சொன்னதற்குக் கோபம்தான் வந்தது, நீ சொன்னதற்கு அழுதேன். ஐம்பத்து நான்கு வயதில் லைசென்ஸ் எடுத்தவளடா நான்.

ஐந்து ஞாயிறு சின்னம்மா வழி பார்த்துக் கிடந்தாள். ஆறாவது வாரம் அப்பா குளிக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு, பட்டறை வைத்திருக்கும் தனேஸ்வரியிடம் மெல்ல ஓட்டிப்போனேன். "எவ்ளோ மிதிக்கும்போதும்மா வேகம் விழுது?" என்று கேட்டாள் அந்தப் பெண். இத்தனை நாளில் என்னைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். ஆக்சிலரேட்டர் பெடலுக்குள் இரண்டு சென்சார் இருக்கிறதாம், எவ்வளவு மிதித்தோம் என்று இரண்டும் தனித்தனியாகச் சொல்லுமாம், பேச்சு ஒத்துப்போகாவிட்டால் கார் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். ஒருவர் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாத புத்தி காருக்கு இருக்கிறது, நம் வீட்டில் யாருக்கும் இல்லை. இன்ஜினைப் போடாமல் ஸ்கேனரை மாட்டி என்னையே மெதுவாக மிதிக்கச் சொன்னாள். ஒரு எண் சீராக ஏறியது, இன்னொன்று பாதிக்கு மேல் தொப்பென்று விழுந்தது. அப்பா பாதியைத் தாண்டி மிதித்தால்தானே அவருக்குத் தெரியும்! ஒயரையும் பிளக்கையும் சோதித்தாள், பழுதில்லை. அதற்குள் சாவியைக் காணாமல் தேடிக்கொண்டு அப்பா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, பத்துப் பேர் முன்னால் என் ஓட்டும் லட்சணத்தைச் சொல்ல ஆரம்பித்தார். தனேஸ்வரி பெடலைக் கழற்றி சென்சாரைப் பிரித்தாள். உள்ளே காய்ந்த சந்தனம், குங்குமம், மஞ்சள் தண்ணீர்க் கறை. ஆயுத பூசையன்று காரை ஓட்டுவதே இதுதான் என்று பெடலுக்கு உச்சிவரை சந்தனம் பூசி ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றியது யார்? பட்டறையே திரும்பி அப்பாவைப் பார்த்தது. அவர் "சாமிக்குச் செஞ்சது எப்படிமா கெடுதல் பண்ணும்" என்று முனகிவிட்டு மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புதுப் பெடல் போட்டாயிற்று. போன ஞாயிறு சபாக் போய் வந்தேன், குமுதா ஒரு சட்டி மீன்குழம்பையும் காலி செய்தாள். அப்பா இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் தினமும் காலையில் காரைத் துடைத்து வைக்கிறார், அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டேன். உனக்கு அந்தச் சலுகை கிடையாது. பொங்கலுக்கு நீ வரும்போது விமான நிலையத்துக்கு நானேதான் கார் எடுத்து வருவேன், வாயைத் திறந்து கேட்டுவிட்டு ஏறு.

நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் பெற்று நன்றாயிரு. குளிருக்குச் சட்டை போட்டுக்கொள் என்று எழுத வந்தேன், அங்கே இப்போது வெயிலாமே, தண்ணீர் நிறையக் குடி.

உன் அம்மா,
புனிதவதி இருசப்பன்