சாப்பாட்டு மேசையில் சொன்னது

லான் ஆற்றங்கரை,
21 நவம்பர் 1976, ஞாயிறு

அன்பு மகள் வீப்காவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா, சுகமா என்று இழுத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை. வழக்கில் தோற்றுவிட்டோம். உன்னை ஆசிரியர் வேலைக்கு எடுக்க முடியாது என்று கல்வித் துறை சொன்னது சரிதான் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வக்கீல் தெட்மர் தீர்ப்பின் நகலை உனக்கு ஸ்வீடனுக்கு அனுப்புவார். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கையில் இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பில் உன் அப்பாவின் பெயர் வருகிறது. அதை நீ ஆஸ்பத்திரிச் சமையலறையில் தனியாக நின்றுகொண்டு படிக்கக் கூடாது.

பார்சலில் கம்பளிக் காலுறையும் பிளம்ஸ் ஜாமும் வைத்திருக்கிறேன். கை வெடிப்புக்குக் களிம்பும் இருக்கிறது, வெட்கப்படாமல் பூசிக்கொள். வரலாறும் பிரெஞ்சும் படித்த பெண் அங்கே நாளெல்லாம் பாத்திரம் கழுவுகிறாள் என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. மாணவர் தேர்தலில் கம்யூனிஸ்ட் பிள்ளைகளோடு ஒரே அணியில் நின்றாய், நாலு துண்டுப் பிரசுரம் கொடுத்தாய். அதற்கு இவ்வளவு.

உனக்கு வேலை மறுத்த உத்தரவில் அப்பாவின் புத்தகத்திலிருந்தே ஒரு வரியை எடுத்துப் போட்டிருந்தார்கள் அல்லவா? தன்னைப் புதைக்க வருகிறவனுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கடமை ஜனநாயகத்துக்கு இல்லை என்ற வரி. அதை எழுதியவரே வந்து, இது என் மகளுக்குப் பொருந்தாது என்று சொன்னால் அவர்கள் வாதம் நிற்காது என்றார் தெட்மர். அப்பா உடனே ஒப்புக்கொண்டார். இதை நீ நம்ப வேண்டும் வீப்கா. உன்னைக் காப்பாற்றத்தான் அவர் அங்கே போனார். போகிற அன்று காலையில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷம் பாடம் நடத்திய மனிதர்.

அவர் கொள்கை உனக்குத் தெரியும். பழுப்புச் சட்டைக்காரனின் நாஜி ஆட்சியும் சிவப்புக் கொடிக்காரனின் கம்யூனிஸ்ட் ஆட்சியும் அவருக்கு ஒரே குடும்பம். இரண்டும் மனிதனுக்கென்று ஒரு மூலையைக்கூட விட்டுவைக்காது என்பார். "முப்பத்திமூணுல யாரும் கதவை உடைச்சுக்கிட்டு வரல, நாமதான் தொறந்து விட்டோம்" என்பார். நீ ஊரை விட்டுப் போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைச் சண்டையை நான் மறக்கவில்லை. "பாசிசம்ங்கறது வசவு இல்லம்மா. தடியெடுத்த போலீஸ்காரனையெல்லாம் அப்படிக் கூப்பிட்டா, நெசமானவன் வர்றப்ப கூப்பிட என்ன வார்த்தை மிச்சமிருக்கும்?" என்று அவர் கேட்டார். நீ முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு, "என் மனசுல என்ன இருக்குன்னு ஆபீசர் உட்கார்ந்து கேக்குறான். இந்த அரசாங்கமே பாசிச அரசாங்கம்தான்ப்பா" என்றாய். வரலாறு ஓடிப்போகாது, கறி ஆறிடும், முதல்ல தின்னுங்க ரெண்டு பேரும் என்று நான் கத்தினேன்.

நீதிமன்றத்தில் நான் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன். சாட்சி சொல்லுமுன் நீதிபதி அப்பாவிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பெற்ற மகளைப் பற்றிய வழக்கு, விருப்பமில்லாத கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை, சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது என்றார். அப்பா நிமிர்ந்து நின்று, எனக்கு அது தேவைப்படாது என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும்.

புத்தகத்தைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். நான் எழுதியது ஆயுதம் தூக்குகிறவனைப் பற்றி, துண்டுப் பிரசுரம் கொடுக்கிற பெண்ணைப் பற்றியல்ல என்றார். நீதிபதி தலையாட்டிக் கேட்டார். பிறகு கல்வித் துறையின் வக்கீல் எழுந்தான். சின்ன வயசு, ரொம்ப மரியாதை. ஒரே ஒரு கேள்விதான் ஐயா, இந்த அரசை பாசிச அரசு என்று உங்கள் மகள் உங்கள் முன்னால் சொன்னதுண்டா என்று கேட்டான். தெட்மர் பாதி எழுந்துவிட்டார். பதில் சொல்ல விரும்பவில்லை என்று அப்பா சொல்லியிருந்தால் முடிந்திருக்கும்.

உண்டு என்றார்.

அதற்கப்புறம் விளக்கினார், பாவம். "எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில வச்சுச் சொன்னா. ஒரு பொண்ணு அப்பன் மூஞ்சிக்கு நேரா பயமில்லாம அப்படிச் சொல்ல முடியுதுன்னா, அதுக்குப் பேர்தாங்க ஜனநாயகம்" என்றார். வேறு கேள்வி இல்லை என்று அந்தப் பையன் உட்கார்ந்துவிட்டான். தீர்ப்பில் அந்த 'உண்டு' மட்டும் இருக்கிறது. விளக்கம் இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பொய் சொல்லச் சொல்லல, பேசாம இருந்திருக்கலாமே என்றேன். சட்டத்துக்கு முன்னால ஒளிஞ்சுக்கிற ஆள் நான் இல்ல ஹெட்விக் என்றார். அப்போதுதான் கேட்டேன், "உங்கப்பா சாப்பிடறப்ப சொன்னதை ஆபீஸ்ல போய்ச் சொன்னது யாருங்க?" என்று. உனக்குத்தான் தெரியுமே, தாத்தா அன்றைக்கு நாட்டை ஆண்ட அந்த மீசைக்காரனைக் கோமாளி என்று வீட்டில் சொன்னதைச் சமையல்காரி வெளியே சொல்லி, அவருடைய நீதிபதி வேலை போனது. அதிலிருந்துதான் உன் அப்பாவின் படிப்பு, புத்தகம் எல்லாம். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைவிட மோசம் வியாழக்கிழமை நடந்தது. மகளைவிடச் சட்டம் பெரிது என்ற பேராசிரியர் என்று பத்திரிகையில் போட்டு, படத்தையும் போட்டிருந்தார்கள். எட்டு வருஷமாக, அவர் கொள்கை பிடிக்காமல், அவர் வகுப்புக்குள் நுழைந்தாலே பிள்ளைகள் காலைத் தரையில் தேய்த்து எதிர்ப்புக் காட்டுவார்கள். அதைச் சட்டை பண்ணாமல் பாடம் நடத்துவார். அன்றைக்கு மேசையில் விரல் முட்டியால் தட்டினார்களாம். பாராட்டு. பின்வரிசைப் பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போக, மற்றவர்கள் விடாமல் தட்டியிருக்கிறார்கள். அவரால் முதல் வாக்கியத்தைத் தொடங்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "தட்டுறாங்க ஹெட்விக், என்னைப் பாத்துத் தட்டுறாங்க" என்றார். எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. அழுகைதான் வந்தது.

இன்று இறந்தவர்களின் ஞாயிறு. தாத்தா கல்லறைக்கு அவர் தனியாகப் போயிருக்கிறார், என்னை வர வேண்டாம் என்றார். அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். போகுமுன் வாசலில் நின்று, "இனிமே அவ இந்த வீட்ல வாயத் தொறப்பாளா?" என்று கேட்டார். அது நான் சொல்ல வேண்டிய பதிலில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று. என் பிறந்த வீட்டில் அந்த மீசைக்காரன் ஆண்ட பன்னிரண்டு வருஷமும் மேசையில் இரண்டே பேச்சுதான். சூப் நன்றாக இருக்கிறது. வெளியே குளிர்கிறது. என் அப்பா எங்களைப் பார்த்தே பயந்தார், பள்ளிக்கூடத்தில் போய் உளறிவிடுவோமோ என்று. அவர் மனதில் என்ன இருந்தது என்று தெரியாமலே அவரைப் புதைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வராவிட்டால் புரிந்துகொள்வேன். ஆனால் வந்து, மரியாதையாக உட்கார்ந்து, சூப் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதே. அதை என்னால் தாங்க முடியாது, அவராலும் முடியாது. கோபத்தோடு வா. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவர் முகத்துக்கு நேராகக் கேள். தெருவுக்கே கேட்கட்டும்.

நீ என்றைக்கும் வாயடங்காதவளாகவே இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அம்மா
ஹெட்விக்