பாதியில் நின்ற வாழ்த்து

அன்புள்ள ஸ்டெய்ன்தோர் அண்ணாவுக்கு,

இங்கே கடவுள் இருக்கட்டும்.

இதை எழுதுவது நான்தான், உன் தம்பி. என் கையால்! இத்தனை காலம் பக்கத்துப் பண்ணை ஹால்பேராதான் உன் கடிதங்களைப் படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல எழுதினாள். போன குளிர்காலத்தில், "பெரியவரே, நீங்க சொல்ற கெட்ட வார்த்தையெல்லாம் இனிமே என்னால எழுத முடியாது, நீங்களே கத்துக்குங்க" என்று பிடித்து உட்கார வைத்துவிட்டாள். இப்போது மாவு மூட்டையைக்கூட நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன். ஒரு வரி எழுத ஒரு குவளை காப்பி ஆகிறது. ஆகட்டும்.

ஆடுகள் மலையிலிருந்து இறங்கிவிட்டன. ஒன்றும் தொலையவில்லை. உன் இருமல் எப்படி இருக்கிறது? வசந்தத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து உன் கடிதம் ஒன்றுகூட வரவில்லை.

ஹால்பேராவின் ஜீப்பில் வடக்கே போய் வந்தோம். அங்கே புல்லோடு வெட்டிய மண்கட்டியால் சுவரும் கூரையும் எழுப்பிய பழைய வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. சுவர் அவ்வளவு தடிமன். வெளியே காற்றும் ஆறும் நின்றுபோன மாதிரி. என் குரலே எனக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல் கேட்டது.

கடைசி வீட்டில் தூரிதுர் என்ற கிழவி தனியாக இருக்கிறாள். இரவு அங்கேயே தங்கினோம். பொழுது சாய்ந்ததும் எங்களுக்குக் காப்பி ஊற்றினாள். அப்போது தலைக்கு மேல், கூரைப் புல்லில், காலடி கேட்டது. ஆடா என்றேன். "ஆட்டையெல்லாம் பட்டியில அடைச்சாச்சே" என்றாள். அப்படியானால் யாரோ வழிப்போக்கர்தான். இருட்டினால் கதவைத் தட்டாமல் கூரையேறி, அங்குள்ள சாளரத்தில் "இங்கே கடவுள் இருக்கட்டும்" என்று வாழ்த்துச் சொல்வதுதானே நம் வழக்கம்.

கூரைச் சாளரத்தை ஏதோ வந்து மறைத்தது. ஓர் இருமல். "இங்கே..." என்றது குரல். மறுபடியும், "இங்கே..." அதற்கு மேல் வரவில்லை. கடவுள் பெயரை வாயில் எடுக்க முடியாதவர்கள் செத்துத் திரும்பி வருகிறவர்கள்தான் என்று நமக்குத் தெரியும், அண்ணா.

பிறகு, "டேய் பியோஸ்ஸி" என்றது.

ஊரில் எல்லோருக்கும் நான் ஆஸ்பியோர்ன். பியோஸ்ஸி என்று கூப்பிட உன்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

"வா அண்ணா" என்று சொல்ல வாயெடுத்தேன். தூரிதுர் என் வாயைப் பொத்தினாள். "சும்மா இருங்க. மீதியை அது சொல்லட்டும், அப்புறம் பதில் சொல்லலாம்" என்றாள். அது சொல்லவில்லை. காப்பி ஆறும்வரை அங்கேயே நின்றது. அப்புறம் கீழே, கதவில் ஒரே ஒரு தட்டு. நாங்கள் எழவில்லை.

காலையில் கூரையேறிப் பார்த்தேன். சாளரத்தைச் சுற்றி உறைபனி கலையாமல் வெள்ளையாகக் கிடந்தது. "கிழட்டுக் காதுக்கு என்னதான் கேக்காது" என்று ஹால்பேரா சிரித்தாள். ஆனால் ஜீப்பில் எப்போதும் பாடுகிறவள், அன்று வீடு வரும்வரை பாடவில்லை.

அண்ணா, எனக்கு நீண்ட பதில் வேண்டாம். உனக்காக வேறு யாரையும் எழுத விடாதே. நான் மேலே எழுதிய வாழ்த்தை உன் கையால் எழுதி அனுப்பு. நடுவில் உள்ள அந்த ஒரு சொல் இருந்தாலே போதும். எழுத்து கோணினால் என்ன, என்னுடையதைப் பார். உறை வந்தால் ஹால்பேராவிடம் கொடுக்க மாட்டேன். நானே பிரிப்பேன், நானே படிப்பேன்.

சீக்கிரம் எழுது. அதற்குள் நீ மறுபடி வந்து கூப்பிட்டால், என் வாயைப் பொத்த இந்த வீட்டில் யாரும் இல்லை.

உன் பதில் வாழ்த்துக்குக் காத்திருக்கும்,
தம்பி பியோஸ்ஸி