இரண்டாவது பச்சைக்கிளி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்காலையும் சமையலறைக் குழாயையும் தவிர இங்கே எல்லாம் நலமாகவே இருக்கின்றன, அவை இரண்டும் எப்போதும்போல முரண்டு பிடிக்கின்றன. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவைத் திறந்தேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். ஃபோனில் பேசினால் உன் அப்பா பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற சாக்கில் ஒரு காதை இங்கேயே வைத்திருக்கிறார். டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் பேச்சு காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தவள் நான், எனக்கே அந்த வித்தையைக் காட்டுகிறார். இப்போது முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார். அங்கே போனால் தலையை விட வாய்க்குத்தான் வேலை அதிகம், வர மதியமாகிவிடும். அதற்குள் எழுதித் தபாலில் போட்டுவிடுவேன். விஷயம் இதுதான். விடுமுறைக்கு நீங்கள் வந்து இறங்கும்போது விமான நிலைய வாசலில் பச்சைக் கார் நிற்கும் என்று அவர் உன்னிடம் சொல்லியிருந்தார் இல்லையா, அது நிற்காது. ஏன் என்று கேட்டால் அவர் பேச்சை மாற்றுவார், அதனால் நான் சொல்கிறேன்.

முதலில் நம்முடைய பழைய பச்சைக்கிளியை நினைத்துக்கொள். அந்தப் பெயரை வைத்தவளே நீதான். ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பின்சீட்டில் குறுக்கே படுத்துக்கொள்வாய், வெயிலில் காய்ந்த அந்த சீட் உறையின் வாடை உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். பாலத்தைத் தாண்டும்வரை பாட்டு, தாண்டியதும் தூக்கம். தூக்கமாவது ஒன்றாவது, எல்லாம் நடிப்பு. நாம் அப்போது மாடியில் குடியிருந்தோம், படி ஏறச் சோம்பல் உனக்கு. வண்டியை நிறுத்திவிட்டு அப்பா பின்கதவைத் திறந்து, குழந்தை நிஜமாத்தான் தூங்குதா, தூங்குற பிள்ளைக்குக் கால் ஆடுமே என்பார். உடனே உன் கால் ஆடும். சரி, நல்ல தூக்கம்தான் என்று சொல்லி உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறுவார். கதவு ஒரு தடவை சாத்தினால் சாத்திக்கொள்ளாது, இரண்டு தடவை அறைய வேண்டும். அந்தச் சத்தத்தில் தெருவே விழித்துக்கொள்ளும், நீ மட்டும் விழிக்க மாட்டாய். அந்த வண்டி இடப்பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் வலப்பக்கமாகவே பிடித்துக்கொண்டு ஓட்டுவார். வீடு அந்தப் பக்கம்தானே இருக்கு, அதான் ஆசைப்படுது என்பார். நீ கல்யாணமாகிப் போன மறுவருஷம் அதைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

இப்போது நீ குட்டியோடு வருகிறாய் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. பிள்ளைகளை வாடகை வண்டியிலா கூட்டிவருவது என்று ஆரம்பித்தார். கடைத்தெரு முனையில் பழைய கார் வாங்கி விற்கிற கடை இருக்கிறதே, பெரிய கண்ணாடியும் கொடித் தோரணமுமாக, அங்கே ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கடைக்காரருக்கு நான் வைத்த பெயர் சர்க்கரை. வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்பார்களே, அந்த ரகம். வாங்க சார், வாங்கம்மா என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வரிசையாக நின்ற வண்டிகளில் கடைசியில் அதே பச்சை, அதே மூக்கு, அதே பின்சீட்டு. உன் அப்பா அப்படியே நின்றுவிட்டார். பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை, வைத்தகண் வாங்காமல் பார்த்தார். பாட்டில் ஃபேக்டரியில் விளக்குக்கு எதிரே பிடித்துப் பிடித்து மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்து ஒதுக்கின மனுஷர், அன்றைக்குக் கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வந்தார் போலிருக்கிறது.

ஓட்டிப் பார்த்தபோதே வண்டி இடப்பக்கம் இழுத்தது, பின்னால் ஏதோ முனகியது. நான் பயந்தேன், அவர் சிரித்தார். கேட்டியா, நம்ம கிளியே திரும்பி வந்துடுச்சு என்றார். வேறு யாராவது இருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வேண்டாம் என்று இறங்கியிருப்பார்கள், இவர் அதற்காகவே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகு அந்த முனகல் கூடியது. குழியில் இறங்கினால் பின்பக்கம் தனியாக ஒரு ஆட்டம் ஆடியது. என்னங்க இது என்றால் வயசான வண்டி, உன்னையும் என்னையும் மாதிரி முனகத்தான் செய்யும் என்று சொல்லி என் வாயை அடைத்தார். தினமும் காலையில் துணியும் வாளியுமாகப் போய்த் துடைத்துக்கொண்டிருப்பார். அந்த வண்டியின் கதவு ஒரே தடவையில் நன்றாகச் சாத்திக்கொள்ளும், ஆனாலும் பழக்க தோஷம், இரண்டு தடவை அறைவார்.

பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போகிற இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் வழுக்கி, வண்டி நடைபாதையில் ஏறி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. ஒர்க்ஷாப்பில் தூக்கி வைத்துப் பார்த்த மெக்கானிக் எங்களைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். எப்போதோ யாரோ பின்னாலிருந்து பலமாக மோதியிருக்கிறார்கள். சரியாகப் பின்சீட்டுக்கு அடியில் அடிச்சட்டம் வளைந்து, அதை நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, மேலே பெயிண்ட் பூசியிருந்தார்கள். அந்த ஒட்டும் விட ஆரம்பித்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. மெக்கானிக் மறுபடி வெல்டிங் வைக்கக் கையை வைத்தார், நல்லவேளை, நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். எதையும் தொடாமல் முதலில் விற்றவரிடம் காட்ட வேண்டும் என்று மேல்வீட்டு டீச்சர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அவர் வாஷிங் மெஷினை வெளியில் ரிப்பேர் பார்த்துவிட்டு, நீங்களே கெடுத்துவிட்டீர்கள் என்று கடைக்காரர் கைவிரித்ததில் பட்டவர்.

சர்க்கரையிடம் போனோம். அன்றைக்கு நாற்காலியைத் துடைக்க ஆளில்லை. சுவரில் ஒரு போர்டைக் காட்டினார், உள்ளது உள்ளபடி விற்பனை, விற்றபின் கடை பொறுப்பல்ல என்று. படிச்சுப் பார்த்துத்தானே சார் கையெழுத்துப் போட்டீங்க என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பினார், விட்டுடலாம், என் தப்புதான் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உங்க பேத்தி உட்கார வேண்டிய சீட்டுக்கு அடியில கத்தியைச் சொருகி வித்திருக்கான், விட்டுடறதாவது என்று தெருவிலேயே சத்தம் போட்டேன், நீ இருந்திருந்தால் வெட்கப்பட்டிருப்பாய். அன்றைக்கே மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொண்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, சர்க்கரைக்கு ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. அதன்பிறகு நுகர்வோர் குறை கேட்கிற அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டார்கள், மெக்கானிக்கும் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார்.

அலுவலகம் என்றதும் பெரிதாக நினைக்காதே. காலொடிந்த பெஞ்சு, ஓடாத கடிகாரம், மேஜைக்குப் பின்னால் இருமிக்கொண்டே ஒரு அம்மா. அவர்தான் அதிகாரி. சர்க்கரை அங்கேயும் அதே போர்டுக் கதையைச் சொன்னார். அந்த அம்மா அப்பாவைப் பார்த்து, ஓட்டிப் பார்த்தப்போ வண்டி இழுக்குறது உங்களுக்குத் தெரிஞ்சுதா என்று கேட்டார். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தவளை தன் வாயால் கெடும். உன் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, தெரிஞ்சுதும்மா, எங்க பழைய வண்டியும் அப்படித்தான் இழுக்கும், அதனாலதான் பிடிச்சுது என்றார். சர்க்கரை சிரித்தேவிட்டார். பார்த்தீங்களா மேடம், குறையைத் தெரிஞ்சேதான் வாங்கியிருக்கார் என்றார். நான் மேஜைக்கடியில் அப்பாவின் காலை உதைத்தேன், அது முழங்கால் வலிக்கிற கால் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா மட்டும் பொறுமையாக, இழுக்குதுன்னு கடைக்காரர்கிட்ட சொன்னீங்களா, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். டயர்ல காத்து கம்மி, வண்டி எங்கேயும் அடிபட்டதே இல்லைன்னு சொன்னாரும்மா என்றார் அப்பா. சர்க்கரை பதறிப்போய், எல்லார்கிட்டயும் அப்படித்தான் மேடம் சொல்றது, வியாபாரம்னா நாலு வார்த்தை சொல்லத்தானே வேணும் என்று உளறிவிட்டார். அந்த அம்மா இருமி முடித்து, என் இருமலைக் கேட்டதால என் நோய் என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சதா அர்த்தமா என்று அவரையே கேட்டார். இழுக்கிறது தெரிந்துதான் வாங்கினார், அடிபட்டது தெரியாமல்தான் வாங்கினார், கேட்ட இடத்தில் நீங்கள் பொய் சொன்ன பிறகு உங்கள் போர்டு உங்களைக் காப்பாற்றாது என்றார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு நிஜமான பயம். சர்க்கரை சட்டென்று இறங்கிவந்து, வண்டியைத் திருப்ப வேண்டாம் சார், நானே என் செலவில் புதுசா வெல்டிங் வச்சு, அதே பச்சைப் பெயிண்ட்டும் அடிச்சுத் தர்றேன், நீங்க ஆசைப்பட்டு வாங்கினது என்றார். ஆள் பார்த்து அடிக்கத் தெரிந்தவர். சரிசெய்து வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும் உங்கள் விருப்பம் என்றார் அந்த அம்மா. உன் அப்பா சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலையாட்டிவிடுவார் என்றே நினைத்தேன். அப்போது அவர் சர்க்கரையிடம் ஒன்றே ஒன்று கேட்டார். வெல்டிங் வச்ச பிறகு பின்சீட்டுல உங்க பிள்ளையை உட்கார வச்சு ஓட்டுவீங்களா என்று. அந்த மனுஷர் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அப்பா சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, விரிசல் விட்டதை ஒட்டி அனுப்புற பழக்கம் எனக்கு இல்லை என்றார். கொடுத்த பணம் முழுக்கத் திரும்பி வந்தது, அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நீயும் அங்கே கடையில் பழைய கார் பார்க்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அதனால் கேட்டுக்கொள். அடிபட்ட வண்டியா என்று வாய்விட்டுக் கேள், அவர்கள் சொல்கிற பதிலை எழுதி வாங்கு. வாங்குமுன் உனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டு. குறை தெரிந்தால் ஓட்டாதே, வெளியில் கைவைக்காதே, தள்ளிப்போடாமல் உடனே எழுத்தில் சொல், நாள் போகப்போக நம் பேச்சின் பலம் குறையும் என்று அந்த அம்மா சொன்னார். உங்கள் ஊர்ச் சட்டம் எப்படியோ, அங்கேயும் இப்படி ஒரு மேஜை இருக்கும், விசாரி. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்ளாதே, அதில்தான் இவர்கள் பிழைப்பே ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழசை நினைத்துக்கொண்டு வண்டி வாங்காதே. இதை எழுதும்போதே எனக்கும் அந்த சீட் உறை வாடை வருகிறது, என்ன செய்வது.

வண்டியைக் கொடுக்கிற அன்று அலுவலக வாசலில் அப்பா என்னிடம் ஒரு நிமிஷம் இரு என்றார். முன்சீட்டில் ஏதாவது மறந்து வைத்திருப்பார் என்று பார்த்தால், பின்கதவைத் திறந்து, பழைய கிளியில் நீ படுத்துக்கொண்ட அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் எதிர்க்கடை நிழலில் நின்றேன். இறங்கி, கதவை இரண்டு தடவை அறைந்து சாத்திவிட்டு, பாப்பா வரும்போது என்ன பண்றது, எதுல கூட்டிட்டு வர்றது என்றார். நான் பஸ்ஸைக் காட்டி வாங்க என்றேன்.

குளிருக்குக் குட்டிக்குக் காது மூடுகிற குல்லா போடு, மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். வருகிற அன்று வாடகை வண்டிதான், நாங்கள் இரண்டு பேரும் விமான நிலைய வாசலில் நிற்போம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. குட்டியை என் மடியில் கொடுத்துவிட்டு, பாலம் தாண்டியதும் நீ கண்ணை மூடிக்கொள். உன்னைத் தூக்க இப்போது அவரால் முடியாது, ஆனால் வீடு வந்ததும் கதவைத் திறந்து அதையேதான் கேட்பார். காலை ஆட்டிவிடு.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா